புகழும் நற்பெயரும்: வில்லா கேதரின் பேராயர் புதினம் பற்றிய ஒரு திறனாய்வு

அருட்பணியாளரின் வாழ்க்கை வரலாறு திருச்சபை இலக்கியத்துள் மிகப் பழையதொரு வகையாகும். அப்போஸ்தலர் நடபடிகளே அவ்வகைக்கு முன்மாதிரி எனலாம். கடல் கடந்து சென்று, அறியாத மொழியைக் கற்று, அறியாத மக்களிடையே வாழ்ந்து மடிந்தோரின் கதைகள் நம் அருளுரைகளிலும் ஞாயிறு பள்ளிகளிலும் இறையியல் வகுப்புகளிலும் ஓயாது வழங்கிவருகின்றன. அவற்றால் பலர் ஊழிய அழைப்புப் பெற்றனர் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் இத்தகைய நூல்களைப் படிக்கையில் நாம் அரிதாகவே எழுப்பும் வினா ஒன்று உண்டு. ஒருவருடைய புகழை நிலைநாட்டுவதற்காக வேறு எவருடைய நற்பெயர் விலையாகக் கொடுக்கப்படுகிறது என்பதே அவ்வினா. அதனை முன்வைத்து, அமெரிக்க எழுத்தாளர் வில்லா கேதர் 1927-இல் வெளியிட்ட புதினமொன்றை ஈண்டு ஆராய முற்படுகிறோம். 'பேராயரைத் தேடி வரும் மரணம்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

சொல்வழக்குக் குறித்து முதற்கண் ஒன்று கூறுதல் வேண்டும். நம் சபைகளில் பேராயர் என்பது பிஷப்பைக் குறிக்கும். உரோமைச் சபையின் தமிழ் வழக்கிலோ ஆயர் என்பது பிஷப்பையும், பேராயர் என்பது ஆர்ச்பிஷப்பையும் குறிக்கும். நாம் ஆராயும் நூல் உரோமைச் சபையினர் ஒருவரைப் பற்றியதாதலின், இக்கட்டுரையில் அவர்களுடைய வழக்கையே பின்பற்றுகிறோம்.

1. வரலாற்று மாந்தர்

புதினத்தின் தலைமகனாகிய ஆயர் லத்தூருக்கு முதலாய் நின்றவர் ஷான் பாப்டிஸ்ட் லாமி. அவர் 1814-இல் பிரான்சு நாட்டின் ஓவர்ன் பகுதியிலுள்ள லெம்ப்து என்னும் ஊரிற் பிறந்தார். 1838-இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டு, மறு ஆண்டே தம் நண்பர் ஜோசப் மாஷ்பஃப் என்பவருடன் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திற்கு அருட்பணியாளராய்ச் சென்றார். அந்நாளில் தென்மேற்குப் பகுதியில் பெரியதோர் அரசியல் மாற்றம் நிகழ்ந்தது. மெக்சிகோ நாட்டைச் சேர்ந்திருந்த நியூ மெக்சிகோ 1846-இல் அமெரிக்கப் படையாற் கைப்பற்றப்பட்டு, 1848-இன் உடன்படிக்கையால் அமெரிக்க நாட்டோடு இணைந்தது. அரசியல் எல்லை மாறவே, சபையின் எல்லையும் மாறவேண்டுவதாயிற்று. அதுவரை மெக்சிகோவின் துராங்கோ ஆயருக்கு உட்பட்டிருந்த அப்பகுதிக்கு, 1850-இல் லாமி ஆயராக நியமிக்கப்பட்டார். 1851 ஆகஸ்டுத் திங்களில் அவர் சாந்தா ஃபே நகரை அடைந்தார்.

அங்கிருந்த குருக்களின் தலைவர் ஹுவான் ஃபெலிப்பே ஓர்த்திஸ், துராங்கோ ஆயரிடமிருந்து தமக்கு எவ்வித அறிவிப்பும் வராமையால் புதிய ஆயரை ஏற்க இயலாது என்றார். லாமி சினங்கொள்ளவில்லை. குதிரையேறிப் பல நூறு மைல் பாலைவழி கடந்து துராங்கோ சென்று, ஆயர் சுபிரியாவைக் கண்டு, அவருடைய இசைவைப் பெற்று, 1852-இன் தொடக்கத்தில் திரும்பினார். 1853-இல் சாந்தா ஃபே தனி மறைமாவட்டமாயிற்று. 1875-இல் உயர் மறைமாவட்டமாகி, லாமியும் பேராயரானார். லொரெத்தோ கன்னியரையும் கிறிஸ்தவச் சகோதரரையும் வருவித்துப் பள்ளிகள் நிறுவினார்; மருத்துவமனை அமைய வழிசெய்தார்; பிரான்சிலிருந்து குருக்களை அழைத்துவந்தார்; பழமரத் தோட்டம் வளர்த்தார். 1885-இல் பதவி துறந்து, 1888 பிப்ரவரித் திங்களில் சாந்தா ஃபேயிலேயே உயிர் நீத்தார். அவருடைய நண்பர் மாஷ்பஃப் 1860-இல் கொலராடோவுக்கு அனுப்பப்பட்டு, பின்னர் டென்வரின் முதல் ஆயராகி, 1889-இல் மறைந்தார்.

இவ்வரலாற்றைக் கேதர் அம்மையார் பெரிதும் அறிந்துகொண்டது, ஹௌலெட் என்னும் குரு 1908-இல் வெளியிட்ட மாஷ்பஃப் வாழ்க்கை வரலாற்றிலிருந்து. மாஷ்பஃப் தம் சகோதரியாகிய கன்னியருக்கு எழுதிய கடிதங்கள் அந்நூலுக்கு ஆதாரம். இக்கடனை அம்மையாரே 1927-இல் ஓர் இதழுக்கு எழுதிய திறந்த மடலில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டுள்ளார். அவர் உரோமைச் சபையைச் சேர்ந்தவரல்லர் என்பதும் நோக்கத்தக்கது. பாப்திஸ்துக் குடும்பத்திற் பிறந்து, 1922-இல் எப்பிஸ்கோப்பல் சபையில் திடப்படுத்தல் பெற்றவர் அவர். எனவே இது மறுசபையார் ஒருவர் உரோமைச் சபையின் ஆயர் ஒருவரை மதித்துப் போற்றி எழுதிய நூலாகும். நாமும் மறுசபையாரே. ஆதலின் நம் மதிப்பீடு சபைப் பகையினின்று எழுந்ததாகிவிடாதவாறு எச்சரிக்கை பூணவேண்டியவராயிருக்கிறோம்.

2. நூலின் மேன்மை

இப்புதினத்தில் வழக்கமான கதைப்பின்னல் இல்லை. உரோமைக்கு அருகில் 1848-இல் கர்தினால்மார் சிலர் விருந்துண்டு உரையாடும் முன்னுரையோடு தொடங்கி, ஒன்பது பகுதிகளாய் அது விரிகிறது. ஆயர் வழிதவறிப் பாலையில் திரிவதும், சிலுவை வடிவாய் நின்ற மரமொன்றின் முன் முழந்தாளிட்டு மன்றாடுவதும், பின்னர் மறைவான நீரூற்றுடைய சிற்றூர் ஒன்றைச் சேர்வதும் ஒரு நிகழ்ச்சி. கிறிஸ்து பிறப்புநாளன்று நண்பர் வயான் வெங்காய இரசம் சமைத்துப் பரிமாற, அதனுள் தம் நாட்டின் ஆயிரமாண்டு மரபு அடங்கியிருப்பதாக ஆயர் வியப்பது மற்றொன்று. கழுதைக் கலப்பினக் குதிரை இரண்டை ஒரு செல்வரிடமிருந்து வயான் இனிய பேச்சால் பெற்றுக்கொள்வது இன்னொன்று. பழைய புனிதர் கதைகளில் மறைச்சாட்சியரின் மரணமும் அன்றாடச் சிறு நிகழ்ச்சியும் ஒரே குரலிற் சொல்லப்படுவதுபோலத் தாமும் சொல்ல விரும்பியதாக அம்மையார் அம்மடலில் விளக்குகிறார்.

இம்முறை வெறும் கலை நுட்பமன்று. அதனுள் ஆழ்ந்த இறையியல் உண்மையொன்று உள்ளது என்பது எமது துணிபு. ஊழியத்தின் பெரும்பகுதி வீரச்செயல்களால் ஆனதன்று. பயணம், காத்திருத்தல், பொருள் திரட்டல், பிணக்குத் தீர்த்தல், நோயாளரைக் காணல், தனிமை, மீண்டும் பயணம் என்பவற்றால் ஆனது அது. லத்தூர் பெருங்கூட்டங்களை மனந்திருப்பவில்லை. மறைச்சாட்சியாய் மடியவுமில்லை. நாற்பதாண்டு அளவு ஒரே மண்ணில் நிலைத்திருந்தார்; அவ்வளவே. எண்ணிக்கையைக் கொண்டு ஊழியத்தை அளக்கும் வழக்கத்திற்கு இந்நூல் நல்ல மாற்று மருந்தாகும். குருத்துவக் கல்வி முடித்து முதற்சேகரத்திற்குச் செல்லும் இளைஞர் ஒருவர், எழுச்சிக் கதைகள் பத்தைப் படிப்பதினும் இவ்வொரு நூலைப் படிப்பது நன்று.

இரு நண்பர்களின் உறவும் சிறப்பாகத் தீட்டப்பெற்றுள்ளது. லத்தூர் அறிவு மிக்கவர், ஒதுங்கிய இயல்பினர். வயான் அழகற்ற தோற்றமும் அனல் நிறைந்த உள்ளமும் வாய்ந்தவர், மக்களோடு எளிதிற் கலப்பவர். ஆயரின் இறுதி நினைவாக நூல் காட்டுவது, இளமையில் வீட்டைத் துறந்து புறப்படவேண்டிய விடியற்காலையில், போகவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் உள்ளம் பிளந்து நின்ற நண்பனைத் தாம் தேற்றிய காட்சியாகும். அழைப்பு என்பது இன்பம் மட்டுமன்று, பிரிவின் வேதனையும் அதனுள் உண்டு என்பதை இதனினும் தெளிவாகச் சொன்ன புதினங்கள் சிலவே. ஆயரைத் தனியராக்கி இம்முடிவை எய்தும்பொருட்டு, அம்மையார் நண்பரை முன்னரே இறக்கச் செய்கிறார். உண்மையில் மாஷ்பஃப் லாமிக்குப் பின்னரே இறந்தார். இம்மாற்றத்தை நாம் குறையாகக் கொள்ளவில்லை. அதனால் எவருக்கும் தீங்கில்லை. புதினத்திற்கு அவ்வுரிமை உண்டு.

3. மாற்றப்பட்ட பெயர்களும் மாற்றப்படாத பெயர்களும்

தீங்கு விளையும் இடம் வேறு. லாமி இந்நூலில் லத்தூர் ஆகிறார். மாஷ்பஃப் வயான் ஆகிறார். பிரெஞ்சுக்காரர் இருவருக்கும் புனைபெயரின் நிழல் கிடைக்கிறது. ஆனால் அவர்களை எதிர்த்த உள்நாட்டுக் குருக்களாகிய தாவோஸ் ஊரின் அந்தோனியோ ஹோசே மார்த்தினேஸ், அல்புகெர்க்கியின் மனுவேல் காயேகோஸ் ஆகியோர் தம் உண்மைப் பெயர்களோடேயே நூலுள் நிறுத்தப்படுகின்றனர். மார்த்தினேஸ் அங்கே காமுகராகவும் கொடுங்கோலராகவும் வருகிறார். 1847-இல் ஆளுநர் சார்லஸ் பெண்ட் கொல்லப்பட்ட தாவோஸ் கிளர்ச்சியைத் தூண்டியவரும், தூக்குக்குச் செல்லும் பழங்குடியினரைக் காப்பதாகச் சொல்லி அவர்தம் நிலங்களைக் கவர்ந்தவரும் அவரே என்னும் பேச்சை நூல் மறுப்பின்றி எடுத்துரைக்கிறது.

வரலாறு காட்டும் மார்த்தினேஸ் யாவர்? 1793-இல் பிறந்தவர். இளமையில் மணம் புரிந்து, மனைவியை விரைவில் இழந்து, பின்னர் துராங்கோவில் குருத்துவக் கல்வி பயின்று, 1822-இல் திருநிலைப்பாடு பெற்றவர். தாவோஸில் பள்ளி நடத்தியவர். அவரிடம் பயின்ற இளைஞர் பலர் துராங்கோ சென்று குருக்களாயினர். 1835-இல் அச்சகமொன்றைத் தம்வசம் பெற்றுப் பாடநூல்களும் சமய நூல்களும் அச்சிட்டார். நியூ மெக்சிகோவின் முதல் அச்சகம் அதுவே. ஏழைகள்மீது சுமத்தப்பட்ட தசமபாகத்தை லாமி வருவதற்குப் பல்லாண்டு முன்பே எதிர்த்து எழுதியவர். அமெரிக்க ஆட்சியின்கீழ் அமைந்த முதற் சட்டமன்றத்தின் மேலவைக்குத் தலைமை தாங்கியவர். கிளர்ச்சியை அவர் தூண்டினார் என்பதற்கு மெய்ப்பிக்கப்பட்ட சான்று எதுவும் இல்லை. மாறாக, கிளர்ச்சியாளருக்கு அஞ்சி ஓடிவந்தோருக்கு அவர் தம் இல்லத்தில் புகலிடம் அளித்தமை அறியப்பட்டுள்ளது.

அவர் குற்றமற்றவர் என்று நாம் வாதிடவில்லை. குருத்துவத்திற்குப் பின் அவருக்குப் பிள்ளைகள் பிறந்தனர் என்பதை அவரைப் பரிவோடு ஆராய்ந்தோரும் ஏற்கின்றனர். நியூ மெக்சிகோ மண்ணிற் பிறந்து, பிரான்சிஸ்கன் துறவியாகி, 1937-இல் குருவான ஆஞ்செலிகோ சாவெஸ் என்னும் வரலாற்றறிஞர் 1981-இல் மார்த்தினேஸ் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் தம் நாட்டவருக்கு வெள்ளையடிக்கவில்லை. குறைகளைக் குறைகளாகவே சொல்கிறார். ஆனால் குறையுடைய மனிதர் ஒருவரை மனிதராகவே காட்டுகிறார். புதினமோ அவரை இருளாக்கி, அவ்விருளின்மேல் ஆயரின் ஒளியைத் தீட்டுகிறது.

பிணக்கின் காரணத்தையும் புதினம் ஒருபுறமாகவே சொல்கிறது. ஓர்த்திஸ் முதலில் மறுத்தது கலகமன்று. தம் ஆயரிடமிருந்து விடுதலை பெறாத குரு வேறொருவருக்குக் கீழ்ப்படிதல் சபைச் சட்டப்படியே தகாது. லாமி துராங்கோ சென்றமையே அதற்குச் சான்று. அடுத்து, 1854-இல் லாமி வெளியிட்ட சுற்றுமடல், தசமபாகம் செலுத்த மறுக்கும் குடும்பத் தலைவர்களைத் திருவருட்சாதனங்களினின்று விலக்கியது. பள்ளிகளும் ஆலயங்களும் கட்டப் பணம் வேண்டும் என்னும் ஆயரின் நெருக்கடி மெய்யானதே. எனினும் வறியோர் மிகுந்த நாட்டில் அருளின் வாயிலில் காசுப் பெட்டியை வைத்ததை மார்த்தினேஸ் கண்டித்தது எவ்வகையில் கொடுமை? அவர் 1856-இல் ஊழியத் தடைக்கும் பின்னர் சபைவிலக்குக்கும் உள்ளானார். ஆயினும் 1867-இல் இறக்குமட்டும் தம்மைப் பின்பற்றியோருக்குத் தம் சிற்றாலயத்தில் ஊழியம் செய்துவந்தார்.

இங்கே பொய்ச்சாட்சி விலக்கும் கட்டளை புதின ஆசிரியரையும் கட்டுமோ என்னும் வினா எழுகிறது. கட்டும் என்பதே எமது விடை. புனைவு என்னும் போர்வையை வேண்டுபவர், அதனை எல்லார்க்கும் ஒப்பப் போர்த்தவேண்டும். புகழப்படுவோருக்குப் புனைபெயரும் இகழப்படுவோருக்கு உண்மைப் பெயரும் வழங்குவது நேர்மையன்று. புதினத்தின் மார்த்தினேஸை அறிந்தோர் உலகெங்கும் உளர். அச்சகமும் பள்ளியும் நடத்திய மார்த்தினேஸை அறிந்தோர் சிலரே. நூலின் அழகே அவ்வநீதியை நிலைபெறச் செய்தது.

4. மண்ணில் வேரூன்றிய சபையும் பிரெஞ்சுப் பேராலயமும்

ஆயினும் கேதர் அம்மையார் மெய்யான கலைஞர். ஆதலின் அவருடைய நூல் அவருடைய தீர்ப்பைக் காட்டிலும் விரிந்தது. தாவோஸில் ஆயரும் மார்த்தினேஸும் வாதிடும் பகுதியை மாணவர் நுணுகிப் படித்தல் வேண்டும். தம் சபை ஐரோப்பியச் சபையின் உயிரற்ற கை அன்று, இம்மண்ணிலிருந்தே முளைத்துத் தனக்கென வேர் கொண்டது என்று மார்த்தினேஸ் அங்கே கூறுகிறார். மறுநாட் காலை அவர் பாடிய திருப்பலியைக் கேட்ட ஆயர், அத்துணை உருக்கமாகப் பாடப்பெற்றதை அரிதாகவே கேட்டதாக எண்ணுகிறார். நூல் முழுவதிலும் மிக வலிய இறையியற் கருத்து, தீயவராகச் சித்திரிக்கப்பட்டவர் வாயினின்றே வருகிறது. ஆயர் அதற்கு விடை கூறவில்லை. விடை கூறுமாறு ஆசிரியரும் அவரைப் பணிக்கவில்லை. பேசியவருடைய ஒழுக்கத்தைக் கெடுத்துவிட்டால் அவர் பேசிய கருத்தும் கெட்டுப்போயிற்று என்று வாசகர் கொள்ளுமாறு நூல் விட்டுவிடுகிறது. இது வாதத்தை வென்றதாகாது.

இதன் மறுபுறத்தைப் பேராலயம் பற்றிய பகுதியிற் காண்கிறோம். தம் இளமை நாட்டின் ரோமானிய பாணியில், பொன்னிறக் கல்லால், பிரெஞ்சுச் சிற்பியைக் கொண்டு ஆலயம் கட்டுவதே லத்தூரின் நெடுங்கனவு. வரலாற்றிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அந்துவான் மூலி என்பவரும் அவர் மகனும் பிரான்சிலிருந்து வந்து வரைந்த திட்டப்படி, 1869-இல் பணி தொடங்கியது. அவ்விடத்தில் ஏற்கெனவே, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுடாத மண்கல்லால் கட்டப்பட்ட பங்கு ஆலயம் நின்றது. அதனை முன்கூட்டி இடிக்கவில்லை. அதனைச் சூழவே கல்லாலயம் எழுப்பப்பட்டது. கற்சுவர்கள் உயர்ந்து கூரை வேய்ந்த பின்னர், உள்ளே நின்ற பழைய ஆலயத்தை உடைத்து, அதன் மண்ணை வாயில் வழியே வெளியேற்றினர். மரியாளின் பழைய சிலையொன்று இருக்கும் பக்கச் சிற்றாலயம் மட்டும் எஞ்சிற்று. திட்டமிட்ட கோபுர உச்சிகளோ இன்றளவும் எழும்பவில்லை.

இதனைவிடத் தெளிவான உவமையை எவரும் புனைந்திருக்க முடியாது. மண்கல்லாலயத்தில் ஒன்றரை நூற்றாண்டாக மக்கள் தொழுதனர். அவர்கள் பிள்ளைகள் அங்கே திருமுழுக்குப் பெற்றனர். புதிய சபை அவர்களைச் சூழ எழும்பி, அவர்கள் கட்டியதை வாயில் வழியே அள்ளிக் கொட்டியது. இக்குறையைக் கேதரின் காலத்தவரே கண்டனர். புதினத்தின் ஒரு பகுதியை எழுதுவதற்குச் சாந்தா ஃபேயில் தம் இல்லத்தை அவருக்குக் கொடுத்துதவிய எழுத்தாளர் மேரி ஆஸ்டின், 1932-இல் வெளியிட்ட தம் வரலாற்று நூலில், ஸ்பானிய நகரில் பிரெஞ்சு ஆலயம் கட்டும் விருப்பத்திற்கு நண்பர் துணைநின்றதை வருத்தத்தோடு குறித்துள்ளார்.

கட்டடத்தில் நிகழ்ந்தது திருப்பணியாளர் வரிசையிலும் நிகழ்ந்தது. சாந்தா ஃபேயின் முதல் ஐந்து பேராயர்களும் பிரான்சிற் பிறந்தவர்கள். அந்நாட்டில் பிறந்த ஒருவர், ராபர்ட் சாஞ்செஸ், அப்பீடத்தில் அமர்ந்தது 1974-இல்தான். லாமி வந்திறங்கிய நாள் தொட்டு நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேல் கடந்திருந்தன. லாமி காலத்தில் தகுதியான உள்நாட்டார் இலர் என்று சொல்வோர், துராங்கோவுக்கு மாணவரை அனுப்பிவந்த தாவோஸ் பள்ளியை மறந்து பேசுகின்றனர். அப்பள்ளியின் ஆசிரியரே சபைக்குப் புறம்பாக்கப்பட்டார்.

5. சாதாவின் பதக்கம்

மறுசபையாராகிய நம்மை நேராகத் தொடும் பகுதி, சாதா என்னும் மூதாட்டியின் கதையாகும். மெக்சிகோப் பெண்ணாகிய அவள் அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் அடிமை. அக்குடும்பத்தினர் புராட்டஸ்டண்டுகள், உரோமைச் சபையை வெறுப்பவர். பல ஆண்டுகளாக அவளை ஆலயத்திற்குச் செல்லவிடவில்லை. மார்கழிக் குளிர் இரவொன்றில் அவள் தப்பி வந்து ஆலய வாயிலில் நடுங்கி நிற்கிறாள். உறக்கமின்றியும் உள்ளம் வறண்டும் ஜெபிக்க இயலாதிருந்த ஆயர் அவளைக் கண்டு உள்ளே அழைத்துச் செல்கிறார். அவளருகில் முழந்தாளிடுகையில் அவருடைய வறட்சி நீங்குகிறது. பிரியும்போது மரியாளின் உருவம் பொறித்த வெள்ளிப் பதக்கத்தை அவளுக்குக் கொடுக்கிறார். எழுத்தறியாதவளுக்கு அன்பின் காணத்தக்க வடிவம் அதுவே என்று அவர் எண்ணுகிறார்.

இப்பகுதியைச் சினமின்றிப் படிக்க நம்மவர் கற்றுக்கொள்ள வேண்டும். திருமறையைக் கையில் ஏந்தியவர்கள், வேலைக்காரி ஒருத்தி தொழுகைக்குச் செல்லும் உரிமையை மறுத்தனர் என்னும் குற்றச்சாட்டு நம்மீது வைக்கப்படுகிறது. அடிமை முறைக்குத் திருமறையினின்றே ஆதாரம் காட்டிய புராட்டஸ்டண்டுகள் அமெரிக்காவில் பலர் இருந்தனர் என்பது வரலாறு. ஆதலின் இக்குற்றச்சாட்டைப் பகைப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

எனினும் ஆயரின் எண்ணத்தையும் நாம் வினவியாகவேண்டும். எழுத்தறியாதவளுக்கு உருவம் போதும் என்று சொல்வது பரிவின் குரல். அவள் என்றும் எழுத்தறியாதவளாகவே இருப்பாள் என்பதையும் அது தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. உருவமா வார்த்தையா என்னும் பழைய வழக்கை ஈண்டு மீண்டும் தொடங்க நாம் விரும்பவில்லை. அவ்விரவில் அவளுக்குத் தேவையானது வாதமன்று, ஆறுதலே. அதனை ஆயர் கொடுத்தார். ஆனால் அவளை அடிமைத்தளையினின்று மீட்க எதுவும் செய்யாமல் அவ்வீட்டிற்கே திரும்ப விடுகிறார். பதக்கம் அவளுடைய கையில் இருக்கிறது. அவளோ மற்றவர் கையில் இருக்கிறாள். ஒளித்துவைத்து வணங்கும் பொருளாக ஆறுதல் சுருங்கிவிட்டால், நற்செய்தியின் பாதியே சொல்லப்பட்டதாகும்.

6. நவாஹோ மக்களும் ஆயரின் மௌனமும்

இக்குறை தற்செயலானதன்று என்பதை நூலின் இறுதிப் பகுதி காட்டுகிறது. 1863-இலும் அடுத்த ஆண்டிலும் கிட் கார்சன் தலைமையிலான படை நவாஹோ மக்களின் பயிர்களையும் பழமரங்களையும் அழித்து, அவர்களைத் தாய்மண்ணினின்று துரத்திப் போஸ்கே ரெதோந்தோ என்னும் இடத்திற்கு நெடுந்தொலைவு நடத்திச் சென்றது. அங்கே நோயாலும் பட்டினியாலும் பல்லாயிரவர் துன்புற்றனர். 1868-இன் உடன்படிக்கைக்குப் பின்னரே தாயகம் திரும்பினர். புதினத்தில், தலைவர் மனுவேலித்தோ ஆயரைச் சந்தித்து, வாஷிங்டனில் தம் மக்களுக்காகப் பேசுமாறு வேண்டுகிறார். புராட்டஸ்டண்டு நாட்டில் உரோமைக் குரு ஒருவர் அரசியலில் தலையிடல் இயலாது என்று ஆயர் விளக்கி அனுப்பிவிடுகிறார். முதுமையில், கறுப்பின மக்களின் அடிமைநிலை ஒழிந்ததையும் நவாஹோ மக்கள் தாயகம் மீண்டதையும் காண வாழ்ந்திருந்தமைக்காக அவர் மகிழ்கிறார்.

இரு கொடுமைகளும் நீங்கியதற்காக மகிழும் ஆயர், அவை நீங்கும்பொருட்டுச் செய்தது யாது? மார்த்தினேஸை அடக்குவதற்கு நாட்களையும் வலிமையையும் செலவிட்டவர், மனுவேலித்தோவிடம் வலிமையில்லை என்கிறார். சிறுபான்மைச் சபையின் தலைவருக்குரிய இடர்ப்பாடு நமக்கு விளங்காததன்று. பெரும்பான்மை ஆட்சியின்கீழ்ப் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் காக்கவேண்டியவர், ஒவ்வொரு சொல்லையும் எண்ணியே பேசுவார். அவ்விவேகம் சிலவேளை கடமையாகவும் இருக்கும். ஆனால் மௌனத்தின் விலையைக் கொடுப்பவர் ஆயரல்லர், பாலையில் நடந்த தாய்மாரும் குழந்தைகளும் என்பதை நூல் சொல்லியிருக்கவேண்டும். ஆமோஸ் பிரசங்கித்த தேவனை வழிபடுவோர், நீதி தானாகவே வந்தபின் அதற்காக நன்றி செலுத்துவதோடு அமைதல் போதாது.

7. நாம் கொள்ளவேண்டியது

இவ்வளவும் கூறியபின்னும், இந்நூலை நம் மாணவர்கள் படிக்கவேண்டும் என்றே பரிந்துரைக்கிறோம். ஊழியரின் பொறுமை, நட்பு, முதுமை, மரணம் ஆகியவற்றை இதனினும் கண்ணியமாகச் சொன்ன நூல்கள் மிகச் சில. ஆனால் தனியே படித்தல் தகாது. பால் ஹோர்கன் 1975-இல் வெளியிட்டு, மறு ஆண்டில் புலிட்சர் பரிசு பெற்ற லாமியின் வாழ்க்கை வரலாற்றையும், சாவெஸ் எழுதிய மார்த்தினேஸ் பற்றிய நூலையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். மூன்றையும் ஒருங்கே படிப்பவர், ஆயர் சிறுமைப்படவில்லை என்பதையும் உணர்வர். வரலாற்று லாமி துன்பத்திற்கு அஞ்சாதவர், தம்மைப் பற்றிப் பெருமை பேசாதவர், நோயிலும் பயணத்திலும் தளராதவர். அவருடைய பெருமைக்கு மார்த்தினேஸின் இழிவு தேவையில்லை. அதைத் தேவையாக்கியது புதினமே.

இதற்கு நேர்மாறான பிழையிலும் நாம் விழலாகாது. உரோமையை எதிர்த்தவர் என்பதனாலேயே மார்த்தினேஸை மறைந்திருந்த சீர்திருத்தவாதியாக்கி உரிமை கொண்டாடுவது அத்தகையது. அவர் தம்மைக் கத்தோலிக்கக் குரு என்றே கடைசிவரை கருதினார். அவரை நம் கொடியின்கீழ் நிறுத்துவதும் அவருடைய பெயரை வேறொரு வகையில் பயன்படுத்திக்கொள்வதேயாகும்.

பிற நாட்டினரால் நற்செய்தி பெற்ற எந்தச் சபையும் தன் வரலாற்றை எழுதும்போது இவ்விடர்ப்பாட்டைச் சந்திக்கும். வந்தவருடைய கடிதங்களும் நாட்குறிப்புகளும் அச்சேறிப் பாதுகாக்கப்பட்டிருக்கும். அவர்களோடு உழைத்தவர், அவர்களோடு முரண்பட்டவர் ஆகியோரின் சொல் பெரும்பாலும் அவர்களைப் பற்றி எழுதப்பட்ட முறையீடுகளில்தான் எஞ்சியிருக்கும். கிடைக்கும் ஆவணங்களை மட்டும் நம்பி எழுதினால், பகைவர் எழுதியதே அவர்களுடைய வரலாறாகிவிடும். ஹௌலெட்டின் நூலை நம்பிய கேதருக்கு நேர்ந்தது இதுவே. சபை வரலாறு எழுதப் புகும் மாணவர்கள், ஒவ்வோர் ஆவணத்தையும் திறக்கும்போது, இதில் எவருடைய குரல் இல்லை என்று முதலில் கேட்கப் பழகுவார்களாக. தேவன் தம் பொக்கிஷத்தை மண்பாண்டங்களில் வைத்தார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். பிரெஞ்சு ஆயரும் அத்தகைய பாண்டமே. தாவோஸின் குருவும் அத்தகைய பாண்டமே. ஒன்றைப் பொன்னென்று காட்டுவதற்காக மற்றொன்றை உடைப்பது வரலாற்றாசிரியரின் வேலையன்று; சபையின் வேலையுமன்று.